ஒரு புள்ளி விட்டுப்போன கதை

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த லேப்டாப்களில் இருந்தது. அப்படி ஆவடியில் ஒரு வீட்டுக்கு வந்த லேப்டாப்பில் அக்கா படித்து முடித்தாள். பிறகு உபுண்டு ஏற்றி தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாளில் அவனுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. வெப் சர்வர் ஃபோல்டருக்குள் கோப்புகளைப் போடப் போனால், 'பெர்மிஷன் டினைட்'! அந்த ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம். அவன் வெறும் குடித்தனக்காரன். யாரோ சொன்ன மந்திரம் ஞாபகம் வந்தது. சூடூ போட்டு, சிஹெச்மோட் 777.

கணக்கு சுலபம்தான். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. முதல் 7 உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது ஊருக்கே! உள்ளே இருப்பதெல்லாம் மாற ஒரு பெரிய ஆர். 'இந்த ஃபோல்டர்' என்று சொல்ல புள்ளியும் ஸ்லாஷும் வேண்டும். அவசரத்தில் புள்ளி விட்டுப்போனது. வெறும் ஸ்லாஷ் என்றால் மொத்த சிஸ்டம்.

அதற்குப் பிறகு சூடூ அடித்தால், சூடூவே வேலை செய்ய மறுத்தது. ஏன்? சாதாரண ஆள் இயக்கினாலும் சூடூ ரூட்டாக ஓடுவதற்குக் காரணம் செட்-யுஐடி என்ற ஒரு குறி. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்தது. 1979-ல் காப்புரிமையும் கிடைத்தது. 4755 என்று எழுதினால் முன்னால் நிற்கும் அந்த 4 தான் அது. 777 அதைத் துடைத்துவிட்டது. எல்லாக் கதவையும் திறந்துவிட்டான், சாவியைத் தொலைத்துவிட்டான்.

"அக்கா, எல்லாம் போச்சு!"

"ஒண்ணும் போகலடா. மாறினது அனுமதிதான், ஃபைல் அப்படியே இருக்கு."

அவள் சொன்னது சரி. லைவ் யுஎஸ்பி போட்டு பூட் செய்ததும் ப்ராஜெக்ட் பத்திரமாக இருந்தது. பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு உபுண்டுவைப் புதிதாக ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான கோப்புகளின் பழைய எண்களை ஒவ்வொன்றாகத் திருத்த யாரால் முடியும்?

இந்த முறை தம்பி 777 பக்கமே போகவில்லை. ப்ராஜெக்டுக்கென்று ஒரு ஃபோல்டர், அதை மட்டும் சிஹெச்ஓன் மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். ஒரே வரி, முடிந்தது.

அடுத்த முறை உங்களுக்கும் 'பெர்மிஷன் டினைட்' வந்தால், மெஷினைத் திட்டுவதற்கு முன் எல்எஸ் மைனஸ் எல் அடித்து அந்தக் கோப்பு யாருடையது என்று பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கும்.