நறுமணமும் நாமும்

சென்ற ஆண்டு நம் பங்குத் திருவிழாவுக்கு விடுப்பில் வந்திருந்த இளைஞர் ஒருவர், துபாயிலிருந்து நமக்கென்று ஒரு சிறு பெட்டி கொண்டுவந்திருந்தார். "சாமிக்குன்னு பார்த்து வாங்கினேன்" என்று நீட்டினார். கருநீலத் துணி விரித்த பெட்டிக்குள் பொன்னிற மூடியிட்ட கண்ணாடிக் குப்பி. அதற்குள் தேன் நிறத்தில் வாசனைத் திரவியம். கட்டட வேலைத்தளத்தில் வெயிலில் நின்று ஈட்டிய கூலியில் வாங்கியது என்பதை நாம் அறிவோம். "எதற்கப்பா இவ்வளவு செலவு?" என்ற கேள்வி நாவின் நுனிவரை வந்தது. பெத்தானியாவில் யூதாசு கேட்ட கேள்வியின் சாயல் அதில் இருப்பதை உணர்ந்து, விழுங்கிக்கொண்டோம்.

ஐம்பது வயதைக் கடந்துவிட்ட நமக்கு, அதுவரை வாசனை என்றால் குளியல் சோப்பும், தூபக்கலசமும், திருமண வீடுகளில் யாரேனும் புறங்கையில் தடவிவிடும் அத்தரும்தாம். குருமடத்தில் பயின்ற காலத்தில் முகத்துக்குப் பவுடர் பூசுவதே ஆடம்பரமாக எண்ணப்பட்டது. ஆகவே அக்குப்பி சில வாரங்கள் அலமாரியிலேயே இருந்தது. கொடுத்தவர் மனம் நோகக் கூடாதே என்ற எண்ணம் ஒருபுறம். ஆசையும் இல்லாமல் இல்லை. ஒரு நாள் திறந்தோம்.

அது மாதத்தின் முதல் வெள்ளி. நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் நாள். கழுத்திலும் மணிக்கட்டிலும் அங்கியிலுமாக ஆறு முறை பீய்ச்சிக்கொண்டோம். சற்று நேரத்தில் மணம் குறைந்துவிட்டதுபோல் தோன்றவே, இன்னும் இரண்டு முறை. முதல் மூன்று வீடுகளில் ஒன்றும் நிகழவில்லை. நான்காவது வீடு, நாற்பது ஆண்டுகள் மல்லிகைத் தோட்டங்களில் பூவெடுத்த ஒரு மூதாட்டியுடையது. ஒற்றை அறை, ஒரே சன்னல். நாம் கட்டிலருகே குனிந்து செபத்தைத் தொடங்கியதும் அவருக்கு இருமல் வந்தது. இருமல் மூச்சிரைப்பாயிற்று. நெஞ்சுக்கூடு ஏறி இறங்க, கையை உயர்த்தி நம்மை விலகி நிற்குமாறு காட்டினார். மகள் ஓடிவந்து சன்னலைத் திறந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. அம்மாவுக்கு சென்ட் வாசம் ஆகாது. மூச்சு இழுத்துக்கும்."

வாசற்படியில் போய் நின்றோம். ஆண்டவரின் திருவுடலைக் கையில் ஏந்திக்கொண்டு, அதற்காக மாதம் முழுவதும் காத்திருந்தவரை நெருங்க முடியாதவராய்க் கால்மணி நேரம் நின்றோம். பிறகு மூக்கை முந்தானையால் மூடியபடியே அருகில் வரச் சொல்லி, ஒரு கணம் துணியை விலக்கி நற்கருணை உட்கொண்டார். அதன்பின் அவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்டார். இருமலைவிட அதுவே நம்மை அதிகம் சுட்டது.

குற்றம் குப்பியிலா, நம்மிலா என்று தெளியாமல் இருப்புக் கொள்ளவில்லை. நம் அன்பியத்தில் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் வளைகுடாவில் வாசனைத் திரவியக் கடையில் பணியாற்றி ஊர் திரும்பியவர். குப்பியை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றோம். முகப்பெழுத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி: "எத்தனை தடவை அடிச்சீங்க சாமி?" எட்டு என்றோம். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டுக்கு மேல ஆகாது சாமி. இது பர்ஃபம்."

அன்று மாலை அவர் நமக்கு நடத்திய பாடத்தை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. நம்மைப்போல் அறியாதோர் பலர் உளர்.

வாசனைத் திரவியம் என்பது பெரும்பாலும் நறுமண எண்ணெய்களைச் சாராயத்தில் கரைத்தது. எண்ணெய் எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை இருந்தால் ஓ த கொலோன். ஐந்து முதல் பதினைந்து வரை ஓ த துவாலெட். பதினைந்து முதல் இருபது வரை ஓ த பர்ஃபம். அதற்கு மேல் முப்பதுவரை சென்றால் பர்ஃபம். இவை ஏறத்தாழச் சொல்லும் கணக்குகளே. நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபடும். கொலோன் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். பர்ஃபம் காலையில் பூசினால் மாலைவரை நிற்கும். ஒன்றுக்குப் பழகிய கை மற்றொன்றையும் அதே அளவில் பீய்ச்சினால் நமக்கு நேர்ந்ததே நேரும். நம் ஊர் அத்தர் இக்கணக்கில் சேராது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் செப்புக் கொப்பரைகளில் பூவை வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதே மரபு. அதில் சாராயம் இல்லை. ஒரு துளி போதும் என்பது அதனால்தான்.

அடுத்து அவர் சொன்னது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஒரு திரவியம் ஒரே மணமாக இருப்பதில்லை. பூசியவுடன் எழுவது எலுமிச்சை, நாரத்தை போன்ற இலேசான மணங்கள். அவை கால்மணி நேரத்துக்குள் பறந்துவிடும். அதன்பின் மல்லிகை, ரோஜா முதலிய பூமணங்கள் எழுந்து சில மணி நேரம் நிற்கும். இறுதியில் தங்குவன கனமான மணங்கள்: சந்தனம், வெட்டிவேர், பிசின்கள், கஸ்தூரியை ஒத்தவை. இவற்றை மேல்மணம், நடுமணம், அடிமணம் எனலாம். கடையில் மூடியைத் திறந்து முகர்ந்தவுடன் "இதுவே எனக்கு" என்று வாங்கிவருபவர், பறந்துவிடப்போகும் கால்மணி நேரத்துக்குப் பணம் கொடுக்கிறார். காகிதத் துண்டில் முகர்ந்து, பிடித்தவற்றை முன்கையில் இட்டு, வெளியே உலாவிவிட்டு அரைமணி கழித்தே முடிவு செய்ய வேண்டும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கும் வழக்கம் வேண்டாம். ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் முகர்ந்தால் மூக்கு பேதம் அறியாது. கடைகளில் காப்பிக் கொட்டை வைத்திருப்பார்கள். அதைவிட வாசலுக்கு வந்து வெளிக்காற்றை இழுப்பது போதும். (பெண் பார்க்கப் போய்ப் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் நம் வழக்கத்தை எண்ணி அப்போது நாம் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார்.)

மூக்கு ஒரு மணத்துக்கு விரைவில் பழகிவிடுகிறது. சில நிமிடங்களில் அதை அறியாமலே போய்விடுகிறது. எனவே பூசியவருக்கு மணம் தீர்ந்ததுபோல் தோன்றும். எதிரில் இருப்பவருக்கோ அது அப்படியே வீசிக்கொண்டிருக்கும். அந்த வெள்ளிக்கிழமை நாம் கூடுதலாகப் பீய்ச்சிய இரண்டும் இந்த மயக்கத்தால் வந்தவை. நம் மணத்தை நாம் அறிய வழியில்லை. அதை நமக்குச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் மரியாதை கருதிச் சொல்வதில்லை.

வாசனைகளுக்குக் குடும்பங்களும் உண்டு. எலுமிச்சை இனக் குடும்பம் பழையது. இத்தாலியரான யோவான் மரிய ஃபரீனா ஜெர்மனியின் கொலோன் நகரில் செய்து விற்ற நறுமண நீருக்கே அவ்வூரின் பெயர் வந்தது. பூக்குடும்பம் நாம் அறிந்தது. ஃபூஜேர் என்றொரு குடும்பம். பிரெஞ்சு மொழியில் பெரணிச் செடி என்று பொருள். 1882இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட திரவியத்திலிருந்து பிறந்த பெயர். ஆடவர் சவரம் செய்தபின் பூசும் நீர்மங்கள் பலவும் இதன் பிள்ளைகளே. ஷீப்ர, ஆம்பர், மரவகை என்று இன்னும் உண்டு. ஆம்பர் குடும்பத்தில் வனிலாவோடு சேர்வது நம் மலாக்காச் சாம்பிராணியும்தான் என்று கேட்டபோது, பீடத்தில் புகைவது இவ்வளவு தூரம் பயணம் போயிருக்கிறதே என்று வியந்தோம்.

நம் குப்பியில் இருந்தது ஊது. தமிழில் அகில் என்பது அதுவே. மரம் காயம்பட்டுப் பூஞ்சை நோய் பற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது கரிய பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய கட்டையே மணக்கும். நலமாக நிற்கும் மரத்தில் அந்த மணமில்லை. திருப்பாடல் 45இல் அரசரின் ஆடையில் கமழ்வதும் இந்த அகிலே என்று அறிஞர் பலர் கருதுவர். அரசருக்கு ஏற்றதுதான். ஒற்றைச் சன்னல் வைத்த அறைக்கு ஏற்றதன்று.

மல்லிகையோடு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு வாசனை ஏன் ஆகாமற்போயிற்று என்றும் கேட்டோம். நம் பங்கு நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு அண்மையில் உள்ளது. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பெண்கள் மொட்டெடுக்கச் செல்வதை நாள்தோறும் பார்க்கிறோம். விலை வீழும் நாள்களில் பூ சென்ட் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே மொட்டு இரவில் விரியும்வரை காத்திருந்து, கரைப்பானில் இட்டு மணத்தைப் பிரிப்பர். ஆயிரம் கிலோ பூவுக்கு மெழுகு போன்ற சாறு சில கிலோவே கிடைக்கும். அதைச் சாராயத்தில் கழுவினால் தூய மணச்சாறு அதில் ஏறத்தாழப் பாதிதான். அச்சாறு கடல் கடந்து பிரான்சு முதலிய நாடுகளின் விலையுயர்ந்த குப்பிகளுக்குள் செல்கிறது. தோட்டத்துத் திறந்த காற்றில் பூவின் மணம் வேறு. மூடிய அறையில் எண்ணெயும் சாராயமும் செயற்கைப் பொருள்களும் கலந்து செறிந்து வீசுவது வேறு. நெஞ்சு நலிந்தோருக்கு இரண்டாவது மூச்சுக்குழலை உறுத்தும் என்றார் நண்பர்.

வீடு திரும்பும் வழியில் நம் எண்ணம் பெத்தானியாவுக்கே சென்றது. மரியா ஊற்றிய நார்தைத் தைலம், இமயத்தின் உயரங்களில் வளரும் சடாமாஞ்சியின் வேரிலிருந்து எடுப்பது. முந்நூறு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவனின் ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம். வீடு முழுவதும் கமழ்ந்தது; ஆண்டவர் அதை ஏற்றுக்கொண்டார். ஆகவே நறுமணம் வீண் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் உச்சியில் நாம் பூசும் கிறிஸ்மாவிலும் நறுமணம் கலந்தே இருக்கிறது. அந்தத் தலையை முகர்ந்து பார்க்காத தாயை நாம் கண்டதில்லை. ஆயின் புனித வாரத்தில் ஆயர் மந்திரிக்கும் எண்ணெய்கள் மூன்றில், நோயாளருக்கு உரியதில் மணம் சேர்ப்பதில்லை. அது வெறும் எண்ணெய். கால் நூற்றாண்டுக்கு மேலாக அதை விரலில் தொட்டு வந்தும் இதை நாம் கவனித்ததேயில்லை.

நண்பரின் உதவியோடு நமக்கென ஒன்றைத் தெரிந்துகொண்டோம். நம் ஊர் வெயிலில் கனமான மணம் இரட்டிப்பாகும். வறண்ட தோலில் மணம் நில்லாது, ஈரப்பசை உள்ள தோலில் நிற்கும். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவர் உடலில் மாறி வீசும். மூன்றைக் காகிதத்திலும், அவற்றுள் இரண்டைக் கையிலும் இட்டுப் பார்த்து, எலுமிச்சையில் தொடங்கி வெட்டிவேரில் அடங்கும் ஓர் இலேசான கொலோனை எடுத்தோம். கை நீட்டும் தொலைவில் நிற்பவர் அறியாமலும், அணைத்துக்கொள்பவர் மட்டும் அறியுமாறும் இருப்பதே அளவு என்றார் அவர். அதுவும் ஞாயிறுகளில் மட்டும். நோயாளரைச் சந்திக்கும் நாளில் மணமில்லாச் சோப்பு.

துபாய்க் குப்பி என்னவாயிற்று? இவ்வாண்டுத் திருவிழாவுக்கு அந்த இளைஞர் வரும் செய்தி அறிந்து, அன்று காலை அங்கியின் உட்பக்கத்தில் ஒரே ஒருமுறை பீய்ச்சிக்கொண்டோம். கையை முத்தி செய்தவர் நிமிர்ந்து, முகம் மலர்ந்தார். "இன்னும் தீரலையா சாமி? தினம் அடிக்க வேண்டியதுதானே?" மறைக்க மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். "அந்தப் பாட்டி என்னையப் பூக்கூடையில உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போவாங்க சாமி. நான் வந்து பாக்கணும்" என்றார்.

முதல் வெள்ளியன்று நம்மோடு வந்தார். வாசற்படியை மிதிக்குமுன் தம் சட்டைக் காலரைத் தூக்கி முகர்ந்தவர், பின்வாங்கினார். "நீங்க போங்க சாமி. நான் இங்கயே நிக்கிறேன்."

உள்ளே சென்று நற்கருணை வழங்கினோம். இருமல் இல்லை. செபம் முடிந்ததும் மூதாட்டி, "வெளிய யாரு நிக்கிறது?" என்றார். சொன்னோம். மகள் சன்னலைத் திறந்துவிட்டார். கட்டிலில் சாய்ந்தபடி அவரும், சற்றுத் தள்ளி முருங்கை மரத்தடியில் நின்றபடி இவரும், நாம் புறப்படும்வரை உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.