வெட்டுக்காயப் பூண்டும் காங்கிரஸ் செடியும்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி சைட். உரிமையாளர் வெளியூர்க்காரர், எட்டிப் பார்ப்பதில்லை. ஆடி முடிவதற்குள் அங்கே இடுப்பளவுக்குப் பச்சை. கேரட் இலை மாதிரி வெட்டுவெட்டான இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அழகாகத்தான் இருந்தது. பூச்சி பொட்டு வருமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு பிடுங்க இறங்கினேன்.

பால்காரம்மா தெருவிலிருந்தே குரல் கொடுத்தார். “அது காங்கிரஸ் செடி சார், கையால தொடாதீங்க. மாடு மேஞ்சாலே பால் கசக்கும்.” நான் சிரித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

புதரில் கிடந்த கண்ணாடிச் சில்லு விரலைக் கீறியது. காலடியில் தரையோடு படர்ந்திருந்தது வெட்டுக்காயப் பூண்டு: நீளக் காம்பின் நுனியில் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாக ஒற்றைப் பூ. பாட்டி செய்தது போல நாலு இலையைக் கசக்கிப் பிழிந்தேன். சுரீரென்று எரிந்தது, ரத்தம் நின்றது. மறுநாள் சாயங்காலம் அதே கை முழங்கைவரை சிவந்து, தடித்து, அரிக்க ஆரம்பித்தது. “வருஷக்கணக்கா காங்கிரஸ் செடியோட மகரந்தத்தைச் சுவாசிச்சிருக்கீங்க, உடம்பு ஏற்கெனவே தயாரா இருந்திருக்கு” என்றார் டாக்டர்.

பார்த்தீனியம் என்பது அதன் பெயர். 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள். காங்கிரஸ் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அந்தக் காலத்து ஆட்சி ஒரு காரணம், காந்தி குல்லாய் போன்ற வெள்ளைப் பூ இன்னொரு காரணம். ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். பாட்டி நம் மண்ணின் மூலிகை என்று நம்பிய வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டம் தந்ததுதான். இரண்டுமே சூரியகாந்திக் குடும்பம். ஒரே வீட்டுப் பிள்ளைகள், குணம் வேறு!

இந்தக் குடும்ப உறவு ஒருமுறை வம்பிலும் முடிந்தது. பார்த்தீனியத்தைத் தின்ன மெக்சிகோவிலிருந்து 1983-ல் ஒரு வண்டை வரவழைத்து, மறு ஆண்டு பெங்களூரில் விட்டார்கள். பழுப்பு வரியோடிய சின்ன வண்டு, மழைக்காலத்தில் இலையை மொட்டையடித்துவிடும். சில ஆண்டுகளில் அது சூரியகாந்தி வயலில் தென்பட, விவசாயிகள் பதறினார்கள். ஆராய்ந்ததில் தெரிந்தது: சூரியகாந்தி இலைமேல் பார்த்தீனிய மகரந்தம் படிந்திருந்தால்தான் வண்டு அதைக் கடிக்கிறது. சுற்றியிருந்த களையின் பாவம் பயிரின் தலையில் விடிந்திருக்கிறது.

களையை அடக்க இன்னொரு களையும் உண்டு. தகரை அடர்ந்து வளர்ந்த இடத்தில் பார்த்தீனியம் தலையெடுக்கத் திணறும். எனக்கு வண்டைவிட இந்த வழிதான் பிடித்திருக்கிறது, செலவே இல்லை.

உங்கள் தெருவிலும் காலி மனை இருக்கும். அவசரத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்துத் தெளிக்கலாம். ஆனால் மண் உப்பேறும், தோட்டத்தில் வேண்டாம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ வருவதற்கு முன், கையுறை மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். தரையோடு கிடக்கும் அந்த ஒற்றைப் பூவை மட்டும் விட்டுவையுங்கள்.