பிரேசில் பயணத்தில் விடுபடும் ஊர்கள்

திருமண வெள்ளி விழாவை உற்றார் உறவினருக்கு விருந்தளித்துக் கொண்டாடுவது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். வெளிநாடுகளில் பணியாற்றும் பிள்ளைகள் அவ்விழாவையொட்டிப் பெற்றோரைத் தூரதேசப் பயணத்திற்கு அனுப்பிவைப்பது புதிய வழக்கம். உரோமை, லூர்து, பாத்திமா என்று தொடங்கிய இது இப்போது தென் அமெரிக்கா வரை நீண்டிருக்கிறது. அண்மையில் நம் பங்குக் குடும்பம் ஒன்று, பயண முகவர் ஒருவர் பிரேசில் நாட்டிற்கென வகுத்துத் தந்த பதினான்கு நாள் திட்டத்தை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்டது. 2013ஆம் ஆண்டில் உலக இளைஞர் நாளுக்காக இளைஞர் குழுவொன்றுடன் அந்நாட்டிற்குச் சென்றுவந்தவன் என்பதே இதில் எனக்குள்ள தகுதி. அப்போது நாங்கள் பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்து உறங்கினோம். ஆதலால், கோப்பகபானாக் கடற்கரையில் 1923 முதல் நிற்கும் புகழ்பெற்ற வெண்மாளிகை விடுதியின் மெத்தை எத்தகையது என்று கூற எனக்கு ஆற்றல் இல்லை. வழியைப் பற்றிச் சில சொல்லலாம்.

செலவைக் குறித்து நான் குறை கூறவில்லை. கால் நூற்றாண்டு உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய பெற்றோர் ஒருமுறை நல்ல கட்டிலில் உறங்குவது பாவமன்று. என் குறை வேறு. ரியோ, இகுவாசு, சால்வதோர், மனாவுஸ் என்று நான்கு இடங்களுக்கும் விமானத்திலேயே தாவிச் செல்லும் அத்திட்டத்தில் இரண்டு ஞாயிறுகள் வந்தன. இரண்டும் விமான நிலையங்களில் கழிந்தன. நன்றிப் பயணம் என்று பெயர், நன்றி கூறும் திருப்பலிக்கு மட்டும் இடமில்லை! அந்நாட்டு மக்கள் எவ்வூரில் முழந்தாட்படியிடுகிறார்களோ அவ்வூரும் அதில் இல்லை. கண்ணைக் கவரும் பொன்னும் கல்லும் இருந்தன. அவற்றைச் சுமந்தவர்களின் சுவடு இல்லை.

பிரேசில் நாட்டின் பரப்பு ஏறத்தாழ 85 இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். ரியோவிலிருந்து மனாவுஸ் செல்ல விமானத்திலேயே நான்கு மணி நேரம் ஆகும். இத்துணைப் பெரிய நாட்டை ஐரோப்பியர் கண்டதும் நம் நாட்டை நோக்கி வந்த வழியிலேதான். 1500ஆம் ஆண்டு இந்தியாவுக்கெனக் கப்பலேறிய பெத்ரோ அல்வாரஸ் கப்ரால், ஏப்ரல் 22ஆம் நாள் அக்கரையைக் கண்டார். 26ஆம் நாள், பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் அங்கு முதல் திருப்பலியை ஒப்புக்கொடுத்தார். அதே கப்பற்படை அவ்வாண்டிலேயே கள்ளிக்கோட்டையையும் கொச்சியையும் வந்தடைந்தது. இன்று உலகிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு அது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கத்தோலிக்கர் மக்கள்தொகையில் 57 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவே. என் குழந்தைப் பருவத்தில் அது தொண்ணூறுக்கும் மேல் இருந்தது.

புறப்படுமுன் செய்யவேண்டியவை இரண்டு. விசா பெறவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். பயணத்திற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னரே அதைப் போட்டுக்கொண்டு சான்றிதழைப் பத்திரப்படுத்தவேண்டும். சான்றிதழின்றித் திரும்பி வருவோரை நம் நாட்டு விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவர். மற்றொன்று, அங்குப் பேசப்படுவது போர்த்துக்கீசிய மொழி. ஆங்கிலம் விடுதி வாசலோடு நின்றுவிடும்.

துபாய், தோகா, அடிஸ் அபாபா வழியாகச் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் சாவோ பாவுலோ மாநகரில் இறக்குகின்றன. 1554ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், புனித பவுல் மனந்திரும்பிய திருநாளன்று, இயேசு சபையினர் ஒரு சிறு பள்ளியுடன் தோற்றுவித்த ஊர் அது. அவர்களுள் ஒருவரான யோசேப்பு அங்கியேத்தா அந்நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழிக்கு இலக்கணம் எழுதினார். அதே காலத்தில் அதே சபையைச் சார்ந்த அன்றிக்கே அடிகளார் நம் முத்துக்குளித்துறையில் தமிழுக்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கியேத்தா 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

முகவரின் திட்டம் இங்கிருந்து ரியோவுக்கு ஒரு மணி நேர விமானப் பயணத்தைக் குறித்திருந்தது. அதை நீக்கிவிட்டுக் காரிலேயே செல்லுமாறு நான் கூறினேன். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், சாவோ பாவுலோவிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் தொலைவில் அப்பரெசிதா இருக்கிறது.

1717ஆம் ஆண்டு அக்டோபரில், அவ்வழியே வரவிருந்த ஆளுநரின் விருந்துக்கு மீன் பிடித்துத்தருமாறு பணிக்கப்பட்ட மூன்று ஏழை மீனவர் பராயிபா ஆற்றில் வலை வீசினர். மீன் அகப்படவில்லை. வலையில் வந்தது தலையற்ற ஒரு சுடுமண் சொரூபத்தின் உடல். மீண்டும் வீசியபோது தலை வந்தது. அதன்பின் படகு கொள்ளாத அளவு மீன் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சொரூபம் மீனவர் வீடுகளிலேதான் இருந்தது. அண்டை அயலார் கூடிச் செபமாலை சொல்லினர். ஆற்றுச் சேற்றாலும் மெழுகுவர்த்திப் புகையாலும் கருமை படிந்த, ஒன்றேகால் அடிக்கும் குறைவான அந்த அன்னையே 1930 முதல் பிரேசில் நாட்டின் பாதுகாவலி. சங்கிலியால் பிணைக்கப்பட்ட சக்கரியாஸ் என்ற அடிமை அன்னையின் வாசலில் நின்று மன்றாட, அவன் சங்கிலி கழன்று விழுந்தது என்பது அம்மக்கள் வழிவழியாகப் போற்றும் செய்தி. கறுப்பரை ஆடுமாடுபோல் விற்ற நாட்டில், கரிய நிறத்து அன்னையின்முன் ஆண்டானும் அடிமையும் முழந்தாளிட நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

1978இல் ஒருவர் சொரூபத்தைப் பறித்துக் கீழே போட்டு உடைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியதை அருங்காட்சியக வல்லுநர் ஒருவர் பொறுமையுடன் ஒட்டிச் சேர்த்தார். 1980 சூலை 4ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புதிய பேராலயத்தை நேர்ந்தளித்தார். அதன் அடித்தளத்தில் நேர்ச்சைக் கூடம் ஒன்று உள்ளது. மெழுகாலான கைகால்கள், ஊன்றுகோல்கள், குழந்தைகளின் நிழற்படங்கள், பட்டமளிப்பு அங்கிகள். வேளாங்கண்ணி காணிக்கைக் கூடத்தைக் கண்டவர்களுக்கு அங்கு விளக்கம் தேவைப்படாது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் அங்குத் திருப்பலி நிறைவேற்றிய சூலை 24ஆம் நாள், குளிரிலும் மழையிலும் நனைந்து நின்ற கூட்டத்தில் நாங்களும் நின்றோம். முதல் ஞாயிற்றை இங்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 12 திருநாளன்று மட்டும் வயதானோரை அழைத்துச் செல்லாதிருப்பது நலம், நெரிசல் தாங்கவொண்ணாதது.

ரியோவின் அழகை நான் எழுதத் தேவையில்லை. 710 மீட்டர் உயர மலையுச்சியில் 1931 முதல் கைவிரித்து நிற்கும் மீட்பர் திருவுருவத்தை அறியாதார் யார்? கற்காரையால் ஆன அதன் மேனியை மூடியிருப்பவை சிறு சிறு மாக்கல் சில்லுகள். நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டியின் கல் அதுவே. பங்குப் பெண்கள் அச்சில்லுகளைத் துணியில் ஒட்டிக் கொடுத்தனர். நமக்கு அந்நகருடன் வேறோர் உறவும் உண்டு. ஓரியூரில் 1693இல் குருதி சிந்திய நம் புனித அருளானந்தரின் தந்தையார் ரியோவின் ஆளுநராகப் பணியேற்றுச் சென்று, மகன் சிறு குழந்தையாயிருக்கையிலேயே அங்கு உயிர்நீத்தார்.

முகவரின் ஏட்டில் ரியோவுக்கு மூன்று நாட்கள். அதில் ஓர் அரைநாள், மலைச்சரிவுகளில் வாழும் ஏழைகளின் குடியிருப்புகளைத் திறந்த வண்டியில் அமர்ந்து சுற்றிப் பார்க்கும் உலா. பிறர் வறுமையை வேடிக்கை பார்ப்பதற்குக் கட்டணம் செலுத்துவது எனக்கு உடன்பாடன்று. அந்த அரைநாளில் துறைமுகப் பகுதியிலுள்ள வலோங்கோ துறைக்குச் செல்லுங்கள். கரடுமுரடான கற்கள் பாவிய ஒரு பள்ளம், காண்பதற்கு வேறொன்றுமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 9 இலட்சம் அடிமைகள் வந்திறங்கிய இடமென மதிப்பிடப்படுவது அதுதான். பின்னாளில் மண்ணும் கல்லும் இட்டு மூடப்பட்டு மறக்கப்பட்ட அத்துறை, 2011இல் சாலைப் பணியின்போது வெளிப்பட்டது. 2017இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அருகிலேயே, வந்திறங்கியதும் இறந்தவர்களைப் புதைத்த நிலம். 1996இல் ஒரு குடும்பத்தார் தம் வீட்டைப் பழுதுபார்க்கத் தோண்டுகையில் எலும்புகள் கிடைத்தன. மலைமேல் நிற்கும் மீட்பரின் விரித்த கைகளை இங்கிருந்து எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அடுத்து முகவரின் திட்டத்தில் இகுவாசு. அதற்கு மாறாக வடக்கே சுமார் 400 கிலோமீட்டர், மீனாஸ் மாநிலத்து மலைகளுக்குச் செல்லுங்கள் என்றேன். ஒரு பகல் முழுதும் காரில் அமரவேண்டும். ஊரோ பிரேத்தோ என்றால் கரும்பொன் என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் உலகின் பொன்னில் பெரும்பங்கு இம்மலைகளிலிருந்து சென்றது. ஊரெங்கும் செங்குத்தான கற்படித் தெருக்கள், மேட்டுக்கு மேடு ஆலயங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் அதற்கேற்ற விடுதியைப் பள்ளத்தில் தேடவேண்டாம்!

பிலார் அன்னை ஆலயத்தின் உட்புறம் முழுவதும் பொன் தகடு. நானூறு கிலோவுக்கு மேல் என்பர். பிரான்சிஸ் அசிசியார் ஆலயமோ பொன்னால் அன்று, ஒரு மனிதரின் கையால் பெருமை பெற்றது. அந்தோனியோ பிரான்சிஸ்கு லிஸ்போவா என்ற அச்சிற்பி, போர்த்துக்கீசியத் தந்தைக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். கொடிய நோயால் விரல்கள் சிதைந்தபின் உளியைக் கையில் கட்டிக்கொண்டு செதுக்கினார் என்பர். ஊரார் அவரை 'முடவர்' என்னும் பொருளில் அலெய்ஜாதீன்யோ என்றழைத்தனர். அப்பெயரே வரலாற்றில் நின்றது. அங்கே விதானத்தில் ஓவியர் அத்தாயிதே தீட்டிய தேவமாதா கலப்பினப் பெண்ணின் சாயலில் இருக்கிறாள். வரும் வழியில் கொங்கோன்யாஸ் ஊரில் அச்சிற்பி 1800 முதல் 1805 வரை மாக்கல்லில் வடித்த பன்னிரு இறைவாக்கினர் ஆலய வாயிலில் நிற்கின்றனர். கீழே சரிவில் ஆறு சிற்றாலயங்களில் அவரும் அவர் பட்டறையினரும் செய்த, பாடுகளின் காட்சிகளை உணர்த்தும் 66 மரச்சொரூபங்கள். தவக்காலத்தில் நம் ஊர்களில் பாஸ்கு கண்டு அழுதவர்கள் அங்கும் கண்கலங்குவர்.

இப்பொன்னை அகழ்ந்தோர் யாவர்? சுரங்கங்கள் சிலவற்றுள் பயணிகள் இன்றும் குனிந்து நுழைந்து பார்க்கலாம். நிமிர இடமில்லாத அவ்விருளில் அடிமைகள் வாழ்நாளைக் கழித்தனர். அவர்களுக்கென்று தனிச் சபைகளும் தனி ஆலயங்களும் இருந்தன. சிக்கோ ரெய் என்ற ஆப்பிரிக்க மன்னன் அடிமையாக வந்து, தலைமுடியில் பொற்றூளை ஒளித்துச் சேர்த்துத் தன்னையும் தன் மக்களையும் மீட்டு, புனித எபிஜேனியா ஆலயத்தை எழுப்பினான் என்பது செவிவழிச் செய்தி. ஏறத்தாழ 48 இலட்சம் ஆப்பிரிக்கர் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசியாக, 1888 மே 13ஆம் நாள்தான் அங்கு அடிமைமுறை ஒழிந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அந்நாட்டு ஆயர்களுக்கு அடிமை விடுதலை குறித்துச் சுற்றுமடல் எழுதினார். இதைப் பெருமையுடன் சொல்லும் நாம், துறவற மடங்களும் அடிமைகளை வைத்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இயேசு சபையினரின் பண்ணைகளிலும் அவர்கள் உழைத்தனர். பொற்பீடத்தின்முன் நின்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் விடையளியுங்கள்.

சால்வதோரில் அந்த விடையின் மறுபாதி கிடைக்கும். 1549இல் தலைநகராக எழுந்த அவ்வூரின் நடுத்திடலுக்கு இன்றும் பெயர் 'பெலோரின்யோ'. அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த கம்பம் என்று பொருள். அருகே அவர்களே எழுப்பிய செபமாலை அன்னை ஆலயத்தில் செவ்வாய் மாலைத் திருப்பலி முரசொலியுடன் நடைபெறும். பொன் வேய்ந்த பிரான்சிஸ்கன் ஆலயத்தின் கூரையின் ஒரு பகுதி 2025 பிப்ரவரியில் இடிந்து ஒரு பெண் உயிரிழந்தார். திறந்திருக்கிறதா என்று விசாரித்துச் செல்லுங்கள். அது மூடியிருந்தாலும் புனித துல்சேயின் திருத்தலம் உண்டு. 1949இல் எழுபது நோயாளிகளைத் தங்கவைக்க இடமின்றி மடத்துக் கோழிக்கூண்டைக் கேட்டுப் பெற்ற கன்னியர் அவர். 2019இல் புனிதரானார். அக்கூண்டு இருந்த இடத்தில் இன்று பெரிய மருத்துவமனை நின்று, ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சேவை செய்கிறது. இரண்டாம் ஞாயிறு இங்கே.

இவ்வளவுக்கும் பதினான்கு நாட்கள் போதா. இகுவாசுவையோ மனாவுசையோ ஒன்றை விடவேண்டிவரும். சுமார் 275 அருவிகள் 82 மீட்டர் உயரம் வரை விழும் இகுவாசு படைத்தவரின் கைத்திறனுக்கு அரிய சான்று என்பதில் ஐயமில்லை. எனினும் நான் அதைத்தான் விடுவேன். இளையோர் என்மீது வருந்தக்கூடும்.

மனாவுசில் கருநிற நீக்ரோ ஆறும் மண்நிற சொலிமோயின்ஸ் ஆறும் பல கிலோமீட்டர் கலவாது ஓடுவதைப் படகிலிருந்து காட்டுவர். காட்டின் நடுவே 1896இல் திறக்கப்பட்ட இசையரங்கைக் காட்டுவர். பளிங்கு, திரை, விளக்கு யாவும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. செலவு ரப்பர் செல்வம். கடனில் கட்டுண்ட ஏழைகள் காட்டில் வடித்த பால் அது. 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் எழுபதாயிரம் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அவற்றின் கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. மரங்கள் பயன்தரத் தொடங்கியதும் கங்காணிமார் நம் ஊர்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றினர். 1913 அளவில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சியது, மனாவுஸ் இருண்டது. வழிகாட்டி அரங்கத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் மலாயா என்று சொல்லி நிறுத்திவிடுவார். அங்கே விடியற்காலையில் பால்மரம் சீவியவர்கள் எம் ஊரார், என் தாத்தாவின் உடன்பிறந்தாரும் அவர்களுள் ஒருவர் என்று சொல்லக்கூடியவர்கள் நம் பங்குகளில் பலர் இருக்கின்றனர். அதைப் போர்த்துக்கீசியத்தில் எப்படிச் சொல்வதென்று புறப்படுமுன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.