சுவரில் தொங்கிய சான்றிதழ்

மருந்துக் கடையில் விலையைக் கேட்கிறோம். மருந்தை எடுத்துக் கொடுப்பவர் யாரென்று கேட்டதுண்டா? ஹதீஸ் பாடத்தில் அறிவிப்பாளர் யாரென்று மாணவர்களைத் துருவித் துருவிக் கேட்கும் நானே கேட்டதில்லை, என் தாயார் மயங்கி விழும் வரையில்.

திருவொற்றியூரில் ஒரு கடை. சர்க்கரை நோய்க்கு மருத்துவர் எழுதியது 1 மில்லிகிராம்; கடைப்பையன் கொடுத்த அட்டையில் 2. இரவெல்லாம் மருத்துவமனையில் கழிந்தது. பையனைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்தாளுநர் அன்று கடையிலேயே இல்லை. அவருடைய சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. (நானும் அட்டையைப் படிக்கவில்லையே!)

மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு. பட்டயம் பெறுவதற்கே இரண்டாண்டுப் படிப்பும் 500 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். பிறகு மாநிலக் கவுன்சிலில் பெயரைப் பதிந்தாக வேண்டும்.

இப்போது ராயபுரத்தில் வாங்குகிறேன். அங்குள்ள மருந்தாளுநர் அம்மையார் சீட்டை இருமுறை படித்துவிட்டு, "ஹஜ்ரத், நோன்பு வருகிறதே, டாக்டரிடம் வேளையை மாற்றிக் கேட்டீர்களா?" என்றார். கேட்டிருக்கவில்லை. அன்றே போய்க் கேட்டேன்.

தாயாரோ, அட்டையில் உள்ளதை நான் உரக்கப் படித்த பின்னரே தண்ணீர்க் குவளையைக் கையில் எடுக்கிறார்.