வாய்க்கால் நீரும் கிணற்று நீரும்



நம் இல்லங்களில் பாட்டு ஒலிக்காத நாளே இல்லை எனலாம். விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்திலும், நூற்பாலைக்குப் புறப்படும் பரபரப்பிலும், இரவு உணவு வேளையிலும் ஏதோவொரு பாட்டு நம்மோடு இருக்கின்றது. அப்பாட்டு நம்மை வந்தடையும் வழி யாருடைய கையில் உள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

உடுமலைப் பகுதி உழவர்க்கு இதனை விளக்க நெடிய உரை வேண்டியதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் நீர், திருமூர்த்தி அணையிலிருந்து மண்டலம் மண்டலமாக, முறைவைத்தே திறந்துவிடப்படுகின்றது. மதகின் திறவுகோல் உழவர் கையில் இல்லை. எனவேதான் வாய்க்கால் நீரை மகிழ்வோடு பாய்ச்சும் உழவர், தம் கிணற்றைத் தூர்ந்துபோக விடுவதில்லை. இசைக்கும் இது பொருந்தும் என்பதே நாம் சொல்ல விழைவது.

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் 1990-இல் வேர்ல்ட்ஸ்பேஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். வானொலி நிலையங்கள் எட்டாத ஆப்பிரிக்க, ஆசிய மக்களுக்குத் தெளிந்த ஒலியை விண்ணிலிருந்தே வழங்குவது அவரது நோக்கம். 1998-இல் ஆப்ரிஸ்டார், 2000-இல் ஏசியாஸ்டார் என இரு செயற்கைக்கோள்கள் ஏவப்பெற்றன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஒலியைப் பெற, சன்னலோரத்தில் ஒரு சிறு ஆன்டெனாவை வான்நோக்கி வைத்தால் போதும். தமிழுக்குக் கே.எல். ரேடியோ, கருநாடக இசைக்கு ஸ்ருதி என்று தனித்தனி அலைவரிசைகள் இருந்தன. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் அதன் விளம்பரத் தூதராக விளங்கினார். ஆயினும் செலவு வரவை விழுங்கிற்று. 2008 அக்டோபரில் அந்நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் மனு அளித்தது. 2009 டிசம்பர் 31-ஆம் நாளோடு இந்தியாவில் அதன் சேவை நின்றது. ஏறத்தாழ நாலரை இலட்சம் சந்தாதாரர்களுக்கு விண்ணிலிருந்து வந்த இசை அன்றோடு ஓய்ந்தது.

அமெரிக்காவில் இதே தொழில் வேறு வழியில் பிழைத்தது. 2001-இல் எக்ஸ்.எம்., 2002-இல் சிரியஸ் என இரு நிறுவனங்கள் செயற்கைக்கோள் வானொலியைத் தொடங்கின. ஒன்றையொன்று விஞ்ச முயன்று இரண்டும் கடனில் ஆழ்ந்தன. 2007-இல் இரண்டும் இணைய முடிவு செய்தபோது, போட்டி ஒழிந்தால் விலை ஏறுமே என்னும் அச்சம் எழுந்தது. மூன்றாண்டுகள் கட்டணத்தை உயர்த்துவதில்லை என்னும் நிபந்தனையோடு 2008 ஜூலையில் அரசின் ஒப்புதல் கிடைத்தது. அக்கெடு முடிந்தபின், 2012-இன் தொடக்கத்தில் அடிப்படை மாதக் கட்டணம் 12.95 டாலரிலிருந்து 14.49 டாலராக உயர்ந்தது.

இன்று நமக்கு இசை கைப்பேசிச் செயலிகள் வழியே வருகின்றது. இங்கும் அதே கதைதான். ஜியோ மியூசிக்கும் சாவனும் இணைவதாக 2018 மார்ச்சில் அறிவித்து, அவ்வாண்டின் இறுதியில் ஜியோசாவன் என்னும் ஒரே செயலியாயின. 2019 பிப்ரவரியில் சுவீடன் நாட்டின் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. போட்டியின் பயனாக நமக்கு இசை மலிவாகவும் இலவசமாகவும் கிடைத்தது. ஆனால் செயலி நடத்துவோருக்குப் பாடல்கள் பெரும்பாலும் சொந்தமல்ல. உரிமை பெற்ற இசை நிறுவனங்களுக்குத் தொகை செலுத்தியே வழங்குகின்றனர். விளம்பர வருவாய் அதற்குப் போதாதபோது கட்டணம் கேட்பர், அல்லது கடையை மூடுவர். கானா 2022-இல் கட்டணச் சேவையாயிற்று. ரெஸ்ஸோ 2024 சனவரி இறுதியோடு நின்றது. விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது.

இதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். நாம் அறிந்த இல்லம் ஒன்றில், தாய் நோயுற்றுப் படுத்திருந்த மாதங்களில், தமக்குப் பிடித்த பாடல்களை ஒரு செயலியில் வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். அவர் மறைந்தபின் மாலைதோறும் அவ்வரிசையைக் கேட்பதே கணவருக்கு ஆறுதலாயிருந்தது. பின்னொரு நாள் அச்செயலி வழங்கப்படாமல் நின்றுபோயிற்று. நாம் ஆறுதல் கூறச் சென்றபோது அவர் சொன்னார்: “பாட்டெல்லாம் எங்க வேணும்னாலும் கெடைக்குதுங்க சாமி. அவ கோத்து வெச்ச வரிசைதானுங்க கெடைக்கல.” நாம் மறுமொழி ஏதும் கூற இயலாது அமர்ந்திருந்தோம். பின்னர் அவர் மகள் ஒரு குறிப்பேட்டை எடுத்து, தந்தையும் தானும் நினைவுகூர்ந்த பாடல்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். அறுபதுக்குச் சற்று மேல் நினைவுக்கு வந்தன. ஏனையவை மீளவில்லை.

நிறுவனங்கள் இணைவதும் பிரிவதும் மூடுவதும் வாணிபத்தின் இயல்பு. அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. முன்னர் கேட்கக் கிடைக்காத அரிய பாடல்கள் பலவும் இன்று ஏழை எளியோர் கையிலும் கிடைப்பது பெரும் நன்மையே. ஆயின் அவர்கள் முடிவெடுக்கும்போது நம் வீட்டு நினைவுகளைக் கணக்கில் கொள்வதில்லை. அதனை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவையே. குடும்பத்துக்கு உரிய பாடல்களின் பெயர்களைத் தாளில் எழுதி வையுங்கள். செயலி மூடப்படும் என்று அறிவிப்பு வந்தால், கெடு முடியுமுன் பட்டியலைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஒலிநாடாக்களையும் குறுந்தகடுகளையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அனைத்துக்கும் மேலாக, பாட்டிமார் பாடும் தாலாட்டையும் கும்மிப் பாட்டையும் அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் பாடக் கற்றுக்கொடுங்கள். கடையில் வாங்கிய பாட்டை மீண்டும் வாங்கலாம். பாட்டியின் குரலை எந்த நிறுவனமும் விற்பதில்லை.

வாய்க்காலில் நீர் வரும்போது தாராளமாகப் பாய்ச்சுவோம். கிணற்றையும் தூர்வாரி வைப்போம்.