கேட்டுத் தெரிந்துகொள்ளும் கல்வி

சென்ற ஆண்டு நான் வாசித்த புனைவல்லாத நூல்களில் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலாக வெளிவந்தது. வேதாரண்யம் பக்கம் தமிழாசிரியையாக இருக்கும் எனக்கு, பாடம் நடத்தும் முறையையே மாற்றித் தந்த புத்தகம் அது.

ஏட்டுச்சுவடி தேடி அவர் ஊர் ஊராக அலைந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறோர் இடம். 1880இல், கும்பகோணம் கல்லூரியில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று ஐயர் அடுக்குகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார் முதலியார். படித்ததில்லை.

ஏடு கைக்கு வந்த பிறகும் அதிலுள்ள சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. சைவச் சூழலில் தமிழ் கற்ற அவர், கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போனார். அங்கே ஒரு வீட்டில் சிந்தாமணியைப் படித்து முடித்ததை விழாவாகவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பெரும் புலவர்களும் பாடம் சொல்லாத காப்பியம், அதே ஊரில் சில வீடுகளில் வழிவழியாக வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது! கல்லூரி ஆசிரியர் அவர்களிடம் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

இதைப் படித்த கையோடு, நெய்தல் திணைப் பாடம் வந்தபோது, என் மாணவி ஒருத்தியின் அம்மாவை வகுப்புக்கு அழைத்தேன். உப்பளத்தில் வேலை செய்பவர். முதலில் தயங்கினார், பேசத் தொடங்கியதும் கைகளே பாத்தி கட்டின. "பாத்திய மொதல்ல காலால மிதிச்சு மிதிச்சு இறுக்கணும் டீச்சர். இல்லன்னா உப்போட சேறும் சேந்து வந்துரும்" என்றார். வெயில் ஏற ஏற வெள்ளைப் பரப்பு கண்ணைக் கூசவைப்பதையும், பாதம் வெடிப்பதையும், எதிர்பாராத ஒரு மழையில் பட்ட பாடெல்லாம் கரைந்து போவதையும் சொன்னார். உப்பு விற்கப் போகும் உமணரைப் பற்றி உரையில் படித்திருந்த பிள்ளைகள், அந்த உப்புக்குப் பின்னால் இருக்கும் உடலுழைப்பை அன்றுதான் கேட்டார்கள். மகள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

படித்தவர் சொல்ல, மற்றவர் கேட்பதுதான் கல்வி என்று நாம் பழகிவிட்டோம். தெரிந்தவர் யாராக இருந்தாலும் அவரிடம் போய்க் கேட்பதும் புலமைதான் என்று உ.வே.சா. வாழ்ந்து காட்டியிருக்கிறார். சக ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: 'என் சரித்திரம்' படியுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் உழவரும் மீனவரும் தச்சரும் நெசவாளரும் இருப்பார்கள். அவர்களை அழைத்துப் பேசச் சொல்லி, நாமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்போம்.