பாச்சா உருண்டையும் ஒரு குவளைத் தண்ணீரும்

கரப்பான் பூச்சி வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று கேட்டால் நம்மில் பலர் சன்னலைக் காட்டுவோம், குப்பைத் தொட்டியைக் காட்டுவோம். சமயத்தில் பக்கத்து வீட்டையும் காட்டுவோம். குளியலறைத் தரையில் இருக்கும் வட்டத் துளைத்தட்டை யாரும் காட்டுவதில்லை. தண்ணீர் போகும் வழி என்றுதான் அதை நினைத்திருக்கிறோம். போகும் வழி என்றால் அது வரும் வழியும்தான்.

இது எங்கள் அம்மாவுக்கு எப்போதோ தெரியும். ஈசூனில் உள்ள எங்கள் வீவக வீட்டில் குளியலறை இரண்டு, சமையலறை ஒன்று என மூன்று இடங்களில் அந்தத் துளைத்தட்டு இருக்கிறது. மாதம் தவறாமல் ஒவ்வொன்றிலும் இரண்டு பாச்சா உருண்டைகளைப் போட்டுவிடுவார். பாச்சை என்பது கரப்பானுக்கு இன்னொரு பெயர். "பேர்லயே இருக்கே, அதுக்குன்னே செஞ்சதுதானே" என்பார். அலமாரி, காலணிப் பெட்டி, பழைய துணி டிரங்குப் பெட்டி என எங்கும் அதே உருண்டை. நானும் தங்கையும் அந்த வாசத்தில்தான் வளர்ந்தோம்.

சென்ற ஆண்டு தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் என்பதால் மருத்துவமனையிலிருந்து நேராக அம்மா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு.

சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பரிசோதனை இது. சிவப்பு ரத்த அணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி சிலருக்குக் குறைவாக இருக்கும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம் காணப்படும் இக்குறைபாடு பரம்பரையாக வருவது. மற்ற நாள்களில் எந்தத் தொல்லையும் இருக்காது. ஆனால் சில மருந்துகளோ பொருள்களோ பட்டால் ரத்த அணுக்கள் வேகமாகச் சிதையும். பச்சிளங்குழந்தை என்றால் மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைக்கூடப் பாதிக்கலாம். தவிர்க்க வேண்டியவை என்று தாதி ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் பாச்சா உருண்டையும் இருந்தது. அதில் உள்ள நாப்தலின்தான் எதிரி. குழந்தை அதை வாயில் வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. உடுப்பிலும் போர்வையிலும் ஏறிய ஆவியே சில குழந்தைகளுக்குப் போதும்.

குழந்தையை மேலும் சில நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சில நாள்களில் வீட்டைச் சலித்தெடுத்தோம். அலமாரி, டிரங்குப் பெட்டி, துளைத்தட்டு எல்லாவற்றிலிருந்தும் உருண்டைகளைப் பொறுக்கிக் கட்டி வெளியே போட்டோம். டிரங்குப் பெட்டியின் அடியில் பாட்டியின் பருத்திச் சேலை இருந்தது. என்னையும் தங்கையையும் தூளியில் போட்டு ஆட்டிய சேலை. பேரப்பிள்ளைக்கு என்று முப்பது ஆண்டுக்கு மேல் உருண்டை போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தார் அம்மா. அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் மறுபடி மடித்தார்.

இரண்டு நாள் கழித்து, "பெட்டிய விடு. குழாய் வழியா வர்றத என்ன பண்ணப்போற? கைக்குழந்தை இருக்குற வீட்டுல மருந்தும் அடிக்க முடியாதே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வானொலியில் காலை நிகழ்ச்சி செய்வதால் நான் எழுவது நான்கு மணிக்கு. அந்த நேரத்தில் சமையலறை விளக்கைப் போட்டால் யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். உருண்டை இருந்த காலத்திலும் அவை இருந்தன.

தெரிந்த பிளம்பர் அண்ணன் ஒருவரை வரச் சொன்னோம். அவர் துளைத்தட்டைத் தூக்கி, உள்ளே டார்ச் அடித்து, "வாங்க, பாருங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அறை ஒட்டிய குளியலறையில் பெரும்பாலும் யாரும் குளிப்பதில்லை. அங்கே உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "உங்க வீட்டுக் கதவே இந்தத் தண்ணிதாம்மா. கதவத் தொறந்து வச்சுட்டு உருண்டை போட்டா எப்படி?"

அவர் சொன்னதன் சாரம் இதுதான். துளைத்தட்டுக்குக் கீழே குழாய் வளைந்து செல்லும். அந்த வளைவில் சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். கீழே உள்ள பொதுக் கழிவுக் குழாயின் காற்றையும் நாற்றத்தையும் பூச்சியையும் அதுதான் மறிக்கிறது. 1775ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர் லண்டனில் கழிப்பறைக்காகக் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் தத்துவம்தான் இன்றும் நம் வீட்டில் வேலை செய்கிறது. புழங்காத குளியலறையில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். பிறகு நம் வீட்டுக்கும் முழு புளோக்கின் கழிவுக் குழாய்க்கும் இடையே ஒன்றுமில்லை. கழிவுக் குழாயில் வாழும் பெரிய செந்நிறக் கரப்பான் மூன்று மில்லிமீட்டர் இடுக்கில்கூட உடலைத் தட்டையாக்கி நுழைந்துவிடும்.

பூச்சி மட்டும் என்றால் முகம் சுளிப்பதோடு போய்விடும். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. காரணங்களை ஆராய்ந்தவர்கள் சுட்டிய ஒன்று, குளியலறைத் தரையின் வளைகுழாய்களில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. பல வீடுகளில் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் மாப் போட்டுத் துடைத்து வந்தார்கள். காற்றிழுக்கும் விசிறியைப் போட்டபோது கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் ஏறியது. அதன் பிறகுதான் வாரம் ஒருமுறை ஒவ்வொரு துளைத்தட்டிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றும்படி ஹாங்காங் அரசு மக்களுக்குச் சொல்லத் தொடங்கியது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "நான் வாளி வாளியா ஊத்திக் கழுவுனப்ப தண்ணி பில்லுன்னு எல்லாரும் சண்டை போட்டீங்களே" என்றார். முழங்கால் வலி வந்த பிறகுதான் வாளியை விட்டு மாப்பைப் பிடித்தார். உருண்டையில் பலன் இல்லாவிட்டாலும் அந்த வாளியில் இருந்திருக்கிறது.

அன்று பிளம்பர் அண்ணன் செய்ததில் பெரிய செலவு ஏதுமில்லை. துளைத்தட்டுக்குள் இருந்த கிண்ணத்தை எடுத்து முடியையும் வழவழப்பையும் தேய்த்துக் கழுவினார். குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் குட்டி ஈக்கள் அந்த வழவழப்பில்தான் பெருகுமாம். பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் அது போகும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகலாம் என்று எச்சரித்தார். பிளீச்சையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் சேர்த்து ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

சலவை இயந்திரத்தின் நீர்க்குழாய் இறங்கும் துளையைச் சுற்றி விரல் நுழையும் அளவு சந்து இருந்தது. அதற்கு ஒரு ரப்பர் வளையம். கழுவு தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் சிலிக்கான் பூசினார். சொட்டிக்கொண்டிருந்த இணைப்பை இறுக்கினார். கரப்பான் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும், தாகம்தான் அதற்குத் தாங்காது. சொட்டும் குழாய் அதற்குத் தண்ணீர்ப் பந்தல். சமையலறையிலேயே குப்பைக் குழாய் உள்ள பழைய வீடுகளில் அதன் மூடி இறுக மூடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தண்ணீரை நிற்க விட்டால் கொசு வராதா? வரும். 2020ல் இங்கே 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்ததை மறக்க முடியாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் போதும். அதனால் புழங்காத துளைத்தட்டைத் தண்ணீர் ஊற்றிய கையோடு மூடியும் வைக்க வேண்டும். வெளியூர் போகும்போதும் அப்படித்தான். கொசுவைத் தடுக்கும் அடைப்பான்களும் கடைகளில் கிடைக்கின்றன.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் அம்மா மூன்று துளைத்தட்டுகளிலும் பெரிய குவளையால் தண்ணீர் ஊற்றுகிறார். நான்கு மணிக்கு விளக்கைப் போட்டால் இப்போது பெரும்பாலும் தரை மட்டும்தான் தெரிகிறது. எப்போதாவது ஒன்று வந்தால் செருப்பு இருக்கிறது.

தங்கை மகன் புதுச் சேலைத் தூளியில்தான் தூங்கினான். பாட்டியின் சேலையைப் பலமுறை துவைத்து, வெயிலில் காயப் போட்டு, காற்றுப் புகாத பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறார் அம்மா. அவனுக்கு இல்லை என்றாகிவிட்டது. இரண்டு மகள்கள் இருக்கிறோமே என்று என்னைப் பார்க்கிறார். பைக்குள் உருண்டை மட்டும் போடவில்லை. நான் பார்த்துவிட்டேன்.